தெரிந்தவரைப் பாத்திரமாக்கினால் கதை நகர மறுக்கிறது

நீலவரி:
குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். மையப் பாத்திரம் எனக்கு நன்கு தெரிந்த ஒருவரின் அச்சு. இரண்டு அத்தியாயம் தடையில்லாமல் வந்தது. இப்போது அவர் திருட வேண்டிய இடம். ‘இவர் அப்படிச் செய்யமாட்டாரே’ என்று கை நின்றுவிடுகிறது. மற்றவர்கள் முழுக் கற்பனை, ஆனால் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பாத்திரங்களை எங்கிருந்து எடுப்பது, எப்படி வளர்ப்பது?

ஓரக்குறிப்பு:
முழு ஆளை எடுத்ததுதான் சிக்கல். உண்மை மனிதருக்கு உங்கள் கதையில் வேலை கிடையாது, அவருடைய ஒன்றிரண்டு கூறுகளுக்குத்தான் வேலை.

‘புதையல் தீவு’ நாவலின் ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் லாங் ஜான் சில்வர் உருவான விதத்தை, நாவலாசிரியர் ஸ்டீவன்சனே எழுதியிருக்கிறார். ஒரு காலை இழந்த கவிஞர் ஹென்லி அவருடைய நண்பர். அவரிடமிருந்த நயமான குணங்களை எல்லாம் கழித்துவிட்டு, வலிமை, துணிவு, வேகம், கலகலப்பு இவற்றை மட்டும் ஒரு முரட்டு மாலுமிக்குள் வைத்தார். டால்ஸ்டாய் பலரைச் சேர்த்தார். 1872இல் அன்னா பிரோகோவா என்ற பெண் ரயில் முன் விழுந்து இறந்தது, ‘அன்னா கரேனினா’ நாவலில் நாயகி அன்னாவின் முடிவானது. அந்த நாயகியின் தோற்றத்தில் சில சாயல்கள் கவிஞர் புஷ்கினின் மகள் மரியா ஹார்ட்டுங்கிடமிருந்து வந்தவை.

நீங்களும் கழியுங்கள். அவரிடம் உங்களை விடாமல் பிடித்திருப்பது எது? அதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பெயர், வயது, குடும்பம், தொழில் நான்கையும் மாற்றுங்கள். தொழில் மாற்றம்தான் அதிகம் உதவும். கையிருப்பு, பயம், யாரிடம் பணியவேண்டும் என்பதெல்லாம் அதோடு மாறிவிடும், பழைய மனிதரின் பதில்கள் பொருந்தாமல் போகும்.

திருட்டுக்கு வருவோம். ‘திருடுவாரா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘எது நடந்தால் திருடுவார்’ என்று கேளுங்கள். நேர்மையான வழிகள் இரண்டையாவது அதற்கு முந்தைய காட்சிகளில் அடைத்துவிடுங்கள்: கேட்ட கடன் கிடைக்கவில்லை, விற்க நினைத்த பொருள் விலைபோகவில்லை. அடைக்காமல் விட்டால் வாசகருக்கும் நம்பிக்கை வராது.

பிழைதிருத்தி:
ஒரே குரல் பற்றி. உரையாடலில் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியாத வரிகளைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்றை முடிவுசெய்யுங்கள்: எதைப் பற்றிப் பேசாமல் தவிர்ப்பார், கேள்விக்கு நேராகப் பதில் சொல்வாரா சுற்றுவாரா, யாரை நீ என்பார் யாரை நீங்கள் என்பார். நம் மொழியில் கடைசியது பெரிய ஆயுதம். ‘நீங்கள்’ ஒரு சண்டையில் ‘நீ’ ஆனால் விளக்கமே வேண்டாம். வட்டார வழக்கை எல்லாச் சொல்லிலும் ஏற்றாதீர்கள், படிக்கிறவர் களைத்துப்போவார். இரண்டு மூன்று அடையாளச் சொற்கள் போதும்.

குறிப்பேட்டில் தீர்ப்பை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். ‘கஞ்சர்’ என்ற குறிப்பு ஒரு மாதம் கழித்துப் பயன்படாது. ‘மீதிச் சில்லறையை இருமுறை எண்ணிவிட்டு, பிறகுதான் நன்றி சொன்னார்’ என்பது பயன்படும்.

கண் நிறம், பிடித்த உணவு என ஐம்பது கேள்விகள் கொண்ட படிவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தகவலைத் தரும், முடிவெடுக்கும் ஆளைத் தராது. அதற்குப் பதில், நாவலில் சேராத மூன்று சிறு காட்சிகளை, தலா 300 சொல்லில் எழுதிப் பாருங்கள்: அவர் காத்திருப்பது, பொய் சொல்வது, கேட்டது மறுக்கப்படுவது.

தாள்மணம்:
ஒன்று சேர்க்கிறேன். சம்பவத்தையும் மாற்றுங்கள், பெயர் மாற்றம் மட்டும் ஒருவரை மறைக்காது. இப்சன் 1879இல் எழுதிய ‘பொம்மை வீடு’ நாடகத்தின் நாயகி நோராவுக்குப் பின்னால் லாரா கீலர் என்ற எழுத்தாளர் இருந்தார். கணவரின் உடல்நலத்துக்காக ரகசியமாகக் கடன் வாங்கியவர். ஊர் அவரை நோராவாகவே அடையாளம் கண்டது அவரை நெடுங்காலம் வருத்தியது.

நீலவரி:
மூவருக்கும் நன்றி. தொழிலை மாற்றினால் எழுதிய இரண்டு அத்தியாயத்தையும் இப்போதே திருத்தவேண்டுமா?

ஓரக்குறிப்பு:
வேண்டாம். என்னென்ன மாறவேண்டும் என்று ஒரு தாளில் குறித்துவிட்டு, ஏற்கெனவே மாற்றிவிட்டதாக எண்ணி மூன்றாம் அத்தியாயத்தைத் தொடருங்கள். வரைவு முடிவதற்குள் அவர் இன்னொரு முறையும் மாறக்கூடும். இப்போதே திருத்தினால் அதே பக்கங்களை மறுபடி திருத்தவேண்டி வரும்.