புதுப்பிப்பு: சீலியாக் உள்ளவர், பயணத்துக்கு முன் குளூட்டன் சேர்ந்துவிட்டால்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. எனக்கு சீலியாக், அதாவது கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சேர்ந்தால் குடல் புண்படும் நோய். தண்டையார்பேட்டைக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு, அசதி. கோவை ரயிலில் போகலாமா என்று கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலும் உப்புப் போட்ட நொய்க்கஞ்சியும்தான். குளூட்டனை வெளியேற்ற மாத்திரை கிடையாது என்று ஒருவர் எழுதியதையே மருத்துவரும் சொன்னார். எதிர்பாராதது பால். காபி குடித்ததும் வயிறு மறுபடி உப்பியது. குடல் புண்பட்டிருக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை சரியாகச் செரிக்காதாம், நிறுத்தியதும் அடங்கியது.

அப்புறம், குளூட்டன் வந்த வழி சாம்பார். சமையல்காரர் காட்டிய பெருங்காய டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில் 'கோதுமை மாவு' என்று இருந்தது. கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் இது உண்டு, தயவுசெய்து படித்துப் பார்த்து வாங்குங்கள். ரயிலுக்குப் பெருங்காயம் போடாத எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டேன்.