ஏற்காட்டு ஈரத்துக்கு எந்த மாதிரிக் கோழிக்கூண்டு சரிப்படும்?

வணக்கம். ஏற்காட்டில் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் சரிவான இடம், காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் நிற்கின்றன. 12 சிறுவிடை நாட்டுக்கோழிகள், ஒரு சேவல். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு ராத்திரி பஞ்சாரத்தில் (கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை) அடையும். போன மாதம் மரநாய் பஞ்சாரத்தையே புரட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இனி கூண்டு கட்டியே ஆகவேண்டும்.

ஓமலூரில் சித்தி வீட்டில் தரையில் நெல் உமியைக் கொட்டி ஆழ்கூளமாக வளர்க்கிறார். அது வெயில் ஊர், கிளறிவிட்டால் காய்ந்துவிடும். இங்கே மூடுபனி இறங்கினால் துணியே காய்வதில்லை. கூளம் நசநசத்தால் இரத்தக்கழிச்சல் வருமே என்று பயம். அதனால் கால் நாட்டி 2 அடி உயரத்தில், ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இடைவெளி விட்டு அடித்த தரை போடலாமா என்று யோசிக்கிறேன். எச்சம் கீழே விழுந்துவிடும், காப்பிக்கு எருவும் ஆச்சு. ஆனால் அடியிலிருந்து ஏறும் குளிர்காற்று குஞ்சுகளுக்கு ஆகுமா? மலையில் இப்படி வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் மேய்ச்சல். அவிழ்த்துவிட்டால் காப்பி நாற்றுகளின் மூடாக்கை (அடியில் பரப்பிய இலைதழையை) எல்லாம் சீய்த்து வேரை வெளியே காட்டிவிடுகின்றன. இடம் மாற்றி நகர்த்தும் சக்கரக் கூண்டு சரிவில் நிற்காது. வலை கட்டி மூன்று பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி விடலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?

சாதாரணக் கோழி வலையைக் கீரி பிய்த்துவிடும் என்கிறார்கள், வெல்டு மெஷ்ஷே (பற்றவைத்த கம்பி வலை) வாங்கிவிடவா? உங்கள் கூண்டின் படம் இருந்தால் போடுங்கள், ஆசாரியிடம் காட்டவேண்டும்.