ஹென்ட்ரிக்ஸைக் கண்ணால் கேட்கலாமா?

இடக்கை | இரவு 11.42

நேற்று மறுபடியும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவை எடுத்துப் போட்டேன். 1970 ஜனவரி 1, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம், அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ‘மெஷின் கன்’ பாட்டு. மேல் மாடத்திலிருந்து ஒருவர் ஒற்றை வீடியோ கேமராவில் எடுத்தது. முகம் பாதி நேரம் வெறும் வெள்ளைத் திட்டு. வெளிச்சம் எங்கே நகர்ந்தாலும் பின்னால் ஒரு வால் இழுபடுகிறது. ஆனாலும் பன்னிரண்டரை நிமிடமும் எழுந்திருக்க முடியவில்லை. பல்லால் மீட்டுவது, முதுகுக்குப் பின்னால் பிடிப்பது எதுவும் இங்கே கிடையாது. மனிதர் நட்ட கம்பமாக நிற்கிறார். பக்கத்தில் பில்லி காக்ஸ் பாஸ் கிட்டார், பின்னால் பட்டி மைல்ஸ் டிரம்ஸ். ஒற்றைச் சுரத்தைப் பிடித்து விடாமல் கூவவைக்கிறாரே, அந்த இடத்தில் ‘இத்தனை இரைச்சலும் இந்த அசையாத ஆளிடமிருந்தா வருகிறது’ என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அவருடைய மேடைப் பதிவுகளில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது எது?

பழையடேப் | இரவு 11.58

எதுவும் இல்லை. நான் பார்ப்பதில்லை, கேட்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹென்ட்ரிக்ஸைக் கெடுத்ததே கேமராதான் என்பது என் கட்சி. 1967 ஜூன் 18, கலிபோர்னியாவில் மான்டெரே இசை விழா. கிட்டார் மீது எரிதிரவத்தை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். அது படமானது, உலகம் முழுக்கப் போனது. இன்றைக்குப் பத்துப் பேரைக் கேளுங்கள், பத்துப் பேரும் தீயைச் சொல்வார்கள். அதே மாலை ‘கில்லிங் ஃப்ளோர்’ என்ற பழைய ப்ளூஸ் பாட்டைத் தலைதெறிக்கும் வேகத்தில் வாசித்து மேடையைத் திறந்தாரே, அதைச் சொல்ல ஒருவர் தேற மாட்டார். அன்று பிற்பகல் அதே மேடையில் வாசித்த ரவி சங்கர், வாத்தியத்தை எரித்ததைப் பார்த்து மனம் நொந்துபோனார். நான் அவர் பக்கம்.

இடக்கை | இரவு 12.20

பத்துப் பேருக்குத் தீ மட்டும் நினைவிருந்தால் அது அந்தப் பத்துப் பேரின் கோளாறு ஐயா, கேமராவின் கோளாறு அல்ல. சொல்லப்போனால் அந்தத் தீ திடீர் ஆவேசம் இல்லை என்று காட்டிக்கொடுப்பதே படம்தான். பெரும்பகுதி கறுப்பு கிட்டாரில் வாசிக்கிறார். ‘வைல்ட் திங்’ பாட்டுக்கு வந்ததும் கையில் வண்ணம் தீட்டிய வேறொரு கிட்டார் இருக்கிறது. எரிப்பதற்கென்றே எடுத்துவைத்தது. அதற்கு முன்பு மார்ச் 31 அன்று லண்டன் அஸ்டோரியாவிலும் ஒரு கிட்டாரைக் கொளுத்தியவர்தான். பார்த்ததால் நான் ஏமாறவில்லை, தெளிந்தேன்.

என் சொந்தக் கதை ஒன்று. நான் இடது கைக்காரன். கற்றுக்கொடுத்தவர் வலது கையால்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் அதட்டுவார். பாட்டுகளை ஒலித்தட்டில் கேட்டுக் கேட்டு இரண்டு வருடம் முட்டினேன், அந்தப் பிடிகள் கைக்கு வரவே இல்லை. பிறகு படம் பார்த்தேன். வலது கைக்காரர்களுக்குச் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகக் கவிழ்த்து, தந்திகளை மட்டும் மாற்றிக் கட்டியிருக்கிறார். தடித்த தந்தியைக் கட்டைவிரல் மேலிருந்து வளைத்து அமுக்குகிறது. மற்ற நான்கு விரல்களும் விடுதலையாகி மெல்லிய தந்திகளில் தனிக் கதை பேசுகின்றன. என் காது இதை ஒருநாளும் எனக்குச் சொல்லியிருக்காது.

பழையடேப் | இரவு 12.41

கற்கிறவனுக்குப் படம் உதவும், மறுக்கவில்லை. நாம் பேசுவது ரசனை. கச்சேரியில் ராகம் உச்சத்துக்குப் போகும்போது கேட்கிறவர் கண்ணை மூடிக்கொள்கிறாரே, ஏன்? வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் விரல்தான் தெரியும், கமகம் நழுவிவிடும்.

இடக்கை | இரவு 12.44

வீணை எப்போது வரும் என்று காத்திருந்தேன். 40 நிமிடம் தாங்கியிருக்கிறது, பரவாயில்லை.

இருட்டுக்கொட்டகை | காலை 6.15

இரவெல்லாம் நடந்திருக்கிறது போல. எனக்கு இசை இலக்கணம் தெரியாது, படச்சுருள் கொஞ்சம் தெரியும். பழையடேப் ஐயாவுக்கு ஒரு கேள்வி: நீங்கள் கேட்கும் ஒலியை நம்புகிறீர்களா?

உட்ஸ்டாக் இசை விழாவை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவே முடிந்திருக்க வேண்டிய விழா இழுத்துக்கொண்டே போய், 1969 ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை காலைதான் ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறினார். கூட்டம் பெருமளவு கலைந்துவிட்டது. அமெரிக்க தேசிய கீதத்தை அவர் கிட்டாரில் கிழித்துத் தைக்கும்போது படம் சேறும் குப்பையுமாகக் கிடக்கும் மைதானத்தைக் காட்டும். ஒலித்தட்டில் அந்தச் சேறு இல்லை. அன்று அவருடன் பெரிய குழு: மிட்ச் மிட்செல், பில்லி காக்ஸ், தாள வாத்தியத்துக்கு இருவர், கூடவே லாரி லீ என்ற இரண்டாவது கிட்டார்காரர். அதிகாரபூர்வமாக வந்த ஒலிப்பதிவுகளில் லாரி லீயைத் தேடுங்கள். அவருடைய கிட்டாரை அமுக்கிவிட்டார்கள், அவர் பாடியதையும் வெட்டிவிட்டார்கள். படத்தில் மனிதர் நிற்கிறார், கை தந்திமேல் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஊமைப் படம்போல.

கண்ணை மூடிக் கேட்கிறவருக்கு லாரி லீ என்று ஒருவர் பிறக்கவே இல்லை. கண்ணைத் திறந்திருப்பவர் ‘இந்த ஆளின் சத்தம் எங்கே போயிற்று’ என்று கேட்பார்.

பழையடேப் | காலை 7.30

நல்ல அடி. ஆனால் கத்தி உங்கள் பக்கமும் வெட்டும்.

1970 ஜூலை 30, ஹவாயில் மாவி தீவு. எரிமலைச் சரிவில் திறந்தவெளியில் இரண்டு முறை வாசித்தார். ‘ரெயின்போ பிரிட்ஜ்’ படத்துக்காக எடுத்தார்கள். அந்தக் காற்றில் டிரம்ஸ் ஒலி சரியாகப் பதிவாகவில்லை. 1971-இல், ஹென்ட்ரிக்ஸ் இறந்துபோன பிறகு, மிட்ச் மிட்செலை ஸ்டூடியோவில் உட்காரவைத்துப் படத்துக்கு ஏற்ப மறுபடி டிரம்ஸ் வாசிக்க வைத்தார்கள். திரையில் நீங்கள் காண்கிற குச்சி மாவியில் விழுகிறது; கேட்கிற அடி நியூயார்க்கில் விழுகிறது. இதைத்தான் நேரடி நிகழ்ச்சி என்று ரசிக்கிறீர்கள். படம் சாட்சி என்றால், பொய்ச் சாட்சியும் சொல்லும் சாட்சி.

இருட்டுக்கொட்டகை | காலை 7.52

பொய் சொன்னது ஒலிதானே ஐயா? படத்தைப் பிடித்து ஏன் அடிக்கிறீர்கள்?

(மாவியில் இரண்டு வாசிப்புகளில் சுமார் 17 நிமிடம்தான் படத்துக்குள் வந்தது. மீதி நேரம் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஒருமுறை முழுதாகப் பார்த்துத் தொலைத்தேன்.)

நடுச்சாமம் | காலை 9.05

நான் புதியவன், திட்டாதீர்கள். உட்ஸ்டாக் பகுதியைச் செயற்கை நுண்ணறிவால் பளிச்சென்று துலக்கி, நொடிக்கு 60 படமாக ஓடவிட்ட பதிப்பு ஒன்று கிடைத்தது. நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. பழைய படம் என்றாலே அறையைவிட்டு ஓடும் என் மகள் உட்கார்ந்து பார்த்தாள். இதில் என்ன குற்றம்?

இடக்கை | காலை 9.20

குற்றம் விரல்களில் இருக்கிறது. அந்தப் பதிப்பை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேமரா நொடிக்கு 24 படம்தான் எடுத்தது. மீதி 36 படமும் கணினியின் கற்பனை. வேகமான இடங்களில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன, ஆறு தந்தி நான்காகிறது, தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கும் கைப்பிடியான வாமி பாரை அவர் அமுக்கும் கணத்தில் அது கையோடு சேர்ந்து உருகிவிடுகிறது. என்னைப்போல் விரலைப் பார்த்துக் கற்கிறவனுக்கு இது தப்பும் தவறுமாக அச்சடித்த பாடப் புத்தகம்.

இருட்டுக்கொட்டகை | காலை 9.48

நண்பரே, இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். மான்டெரே படத்தை 16 மி.மீ. சுருளிலிருந்து 4கே தரத்தில் ஸ்கேன் செய்து 2017-இல் கொண்டுவந்தார்கள். அது சுருளில் ஏற்கெனவே இருந்ததை வெளியே எடுப்பது. தூசி தட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் பார்த்தது, இல்லாததை ஊகித்து வரைவது. ஃபில்மோர் வீடியோவில் இடக்கை சொன்ன வெளிச்ச வால் இருக்கிறதே, அது அந்தக் காலத்துக் கேமராக் குழாயின் இயல்பு. பளிச்சென்ற ஒளி உடனே அழியாமல் இழுபடும். அதையும் ‘அழுக்கு’ என்று துடைத்த பதிப்பு ஒன்றைப் பார்த்தேன். ஹென்ட்ரிக்ஸ் மெழுகுப் பொம்மை ஆகிவிட்டார்.

நடுச்சாமம் | காலை 10.10

சரி. ஆனால் அந்த மெழுகுப் பொம்மையைப் பார்த்துத்தான் மகள் ‘இவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார்’ என்று கேட்டாள். உங்கள் சுத்தமான ஃபில்மோர் பதிவை முதலில் காட்டியிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் எழுந்து போயிருப்பாள். வாசல் அசிங்கமாக இருந்தாலும் உள்ளே வந்தாயிற்றா இல்லையா?

இடக்கை | காலை 10.31

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன், வயிற்றெரிச்சலோடு.

மகளுக்கு அடுத்ததாக 1969 ஜனவரி 4 பிபிசி நிகழ்ச்சியைக் காட்டுங்கள். பாடகி லூலுவின் நேரலை. ‘ஹே ஜோ’ வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு, அப்போதுதான் கலைந்துபோயிருந்த க்ரீம் குழுவுக்கு மரியாதை என்று அவர்களுடைய ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ பாட்டுக்குள் புகுந்துவிடுவார். திட்டமிட்ட நேரம் தாண்டிப் போகிறது, அவருக்குக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் விளையாட்டை நிறுத்தாத பையனின் முகம் அது. பழையடேப் ஐயா, அந்த முகத்தை எந்த ஒலித்தட்டில் கேட்பீர்கள்?

பழையடேப் | இரவு 9.15

வேலை முடிந்து வந்து, உங்களுக்காக ஒரு காரியம் செய்தேன். உட்ஸ்டாக் பதிவைப் போட்டு ஒலியை முழுவதும் அணைத்துவிட்டேன். ஒலி எனக்கு மனப்பாடம். படம் தனியாக என்ன சொல்கிறது என்று பார்க்கலாமே என்றுதான்.

பாதி நேரம் மனிதர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். வாமி பாரை அந்த அமுக்கு அமுக்கினால் தந்தி இறங்காமல் என்ன செய்யும்? ஒரு சொற்றொடருக்கும் அடுத்ததற்கும் நடுவில், பாட்டு நிற்காமலே, கை சட்டென்று முறுக்காணிக்குப் போய்த் திரும்புகிறது. வீணை வித்வான் பிருடையைத் திருகுவதுபோல. (சிரித்துக்கொள்ளுங்கள் இடக்கை.) இத்தனை வருடம் கேட்டும் இது எனக்குத் தெரியாது. அந்த இடங்களை நான் அவருடைய பாணி என்று நினைத்து ரசித்திருக்கிறேன்.

தீ வைக்கும் பகுதியை இப்போதும் பார்க்க மாட்டேன். லாரி லீயைப் பார்த்தேன். பாவம், நன்றாக உழைக்கிறார்.

இடக்கை | இரவு 9.22

ஃபில்மோர் பதிவையும் அப்படியே ஒலி இல்லாமல் பார்ப்பீர்களா?

பழையடேப் | இரவு 9.40

அதில்தான் அவர் அசைவதே இல்லை என்றீர்களே. ஒலியையும் அணைத்துவிட்டால் நான் எதைப் பார்ப்பது?