மறு: பல்தமனி நோயா, பல்புலத் தமனி நோயா? ('polyvascular disease' என்பதற்குத் தமிழ்ப் பெயர்)

> "பல்தமனி நோய்" என்றே வைக்கலாமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் பொருள் பிசகுகிறது. இதயத் தமனிகள் மூன்றிலும் அடைப்புள்ளவருக்கும் நோய் பல தமனிகளில்தான். ஆனால் இடம் ஒன்றே. நாம் பெயர் தேடுவது இதயம், மூளைக்குப் போகும் தமனிகள், கால் என்று வெவ்வேறு பகுதிகளுள் இரண்டிலாவது கொழுப்புப் படிந்து தமனி குறுகிய நிலைக்கு. எண்ண வேண்டியது இடங்களை.

"பன்னாள நோய்" (பல் + நாளம்) வேண்டவே வேண்டாம். தமிழகத்தில் இரத்தநாளம் என்றால் எந்த இரத்தக்குழாயும் ஆகும். இலங்கைப் பாடநூல்களிலோ நாடிதான் தமனி, நாளம் என்பது சிரை. அங்கே படித்தவர் இதைச் சிரை நோய் என்றே எடுத்துக்கொள்வார்.

எனவே என் பரிந்துரை: பல்புலத் தமனி நோய். புலம் என்பதற்கு இடம் என்ற பொருள் 'புலம்பெயர்தல்' வழியாக எல்லோருக்கும் தெரியும். 'பல்லுறுப்பு' என்றால் உறுப்புகள் செயலிழப்பதே நினைவுக்கு வரும். 'மண்டலம்' நரம்புக்கும் செரிமானத்துக்கும் போய்விட்டது.

> இரண்டு இடத்தில் இருந்தாலே "பல்" எனலாமா?

தாராளமாக. தமிழில் இருமை கிடையாது, ஒன்றைத் தாண்டினாலே பன்மை.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், மருந்துத் தேர்வில் புலங்களின் எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு. கால்வலி என்று வந்தவருக்குக் காலை மட்டும் பார்த்து அனுப்பினால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கோட்டை விடுகிறோம். நோயுள்ள புலங்கள் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். 2017இல் வெளியான காம்பஸ் (COMPASS) மருந்தாய்வில், இதயத்திலோ கால் முதலிய பகுதிகளிலோ தமனி நோய் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினோடு ரிவரோக்சபான் என்ற மருந்தையும் 2.5 மி.கி. தினம் இருவேளை சேர்த்துக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய-இரத்தக்குழாய் நோயால் இறப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் 4.1 விழுக்காடு, ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 5.4. ஆனால் பெரிய இரத்தக்கசிவு 1.9இலிருந்து 3.1 ஆக உயர்ந்தது. ஆகவே கசிவு அபாயம் குறைவாகவும் அடைப்பு அபாயம் மிகுதியாகவும் உள்ளவருக்கே இந்தக் கூட்டு ஏற்றது. பல்புல நோயாளிகள் பலருக்கு அடைப்பு அபாயம் மிகுதி. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், இரத்த அழுத்த மருந்து, புகையை விடுவது எல்லாம் இவர்களுக்கும் அடிப்படை, எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை டெசிலிட்டருக்கு 55 மி.கி.க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல்.

இங்கேதான் அடுத்த சொற்சிக்கல். ஆஸ்பிரினையும் ரிவரோக்சபானையும் "இரத்தம் இளக்கும் மாத்திரை" என்றே பலரும் எழுதுகிறோம். இரண்டும் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. ஆஸ்பிரின், இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (platelets) ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் பார்த்துக்கொள்கிறது. ரிவரோக்சபான் உறைதலுக்கான புரதத் தொடரை இடையில் மறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், "இளக்கும் மாத்திரை எதற்கு இரண்டு?" என்று ஒன்றை நோயாளி தாமாகவே நிறுத்திவிடக்கூடும். எனக்கு இது உண்மையான கவலை.

> முதலாவதைத் "தட்டணு எதிர்ப்பி" எனலாம்.

தட்டணுவையே அழிக்கும் மருந்து போல ஒலிக்கிறது, 'நுண்ணுயிர் எதிர்ப்பி' பழகிய காதுக்கு. ஆஸ்பிரின் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, அவை திரள்வதைத்தான் தடுக்கிறது. ஆதலால் திரள்தடுப்பி, உறைவுத்தடுப்பி என்று இணையாக வைத்துக்கொள்வோம். மருந்துகளின் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம். சீட்டில் உள்ளதும் அட்டையில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும்.

'திரள்தடுப்பி' என்பதில் தட்டணு என்ற முன்னொட்டு கட்டாயம் வேண்டுமா? ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டும், நோயாளிக் கையேட்டுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் சொல்லுங்கள்.