கோவெண்டர் என்ற குடும்பப்பெயரின் வேர் தேடி: போளூர், கலம்பூர் பக்கத்து உறவுகள் உதவுங்கள்

வணக்கம். என் கணவர் குடும்பம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். குடும்பப்பெயர் கோவெண்டர். அங்கே நாயுடு, பிள்ளை, படையாச்சி போலவே இதுவும் ஊரெங்கும் இருக்கும் பெயர். ‘கவுண்டர்’தான் வெள்ளைக்கார எழுத்தர் கையில் அப்படி ஆனது என்பார்கள். அதனாலேயே சொந்தக்காரர்கள் பலர் பூர்வீகம் கோயம்புத்தூர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் மாமனாருக்கு வயதாகிவிட்டது, கண்ணை மூடுவதற்குள் சொந்த ஊர் மண்ணை மிதிக்க வேண்டும் என்கிறார்.

1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டோம். 1897, சென்னைத் துறைமுகம். பெயர் முனியன், தகப்பன் பெயர் சின்னப்பையன், வயது 22, சாதி ‘வன்னியா’, வடஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. ஊர்ப்பெயர் கிறுக்கலாக இருக்கிறது. எனக்குக் ‘கல்லும்பூர்’ என்று படுகிறது, கலம்பூராக இருக்கலாம். அந்த வரியில் கோவெண்டர் இல்லவே இல்லை. அவர் மகனின் பிறப்புச் சான்றிதழில்தான் முதன்முதலாக வருகிறது.

டர்பனில் பெரியவர்களைக் கேட்டாயிற்று. கல்யாணப் பத்திரிகை, கல்லறை எழுத்து எல்லாம் பார்த்தாயிற்று. கலம்பூருக்கும் போய் வந்தோம். முனியன் என்ற பெயரை மட்டும் வைத்து யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை.

போளூர், கலம்பூர் வட்டாரத்தில் வன்னியர் குடும்பங்கள் 1900க்கு முன்பே பெயரோடு ‘கவுண்டர்’ சேர்த்து எழுதிய பழைய கிரயப் பத்திரமோ பட்டாவோ உங்களில் யார் வீட்டிலாவது இருக்கிறதா?