துன்ப நாட்களில் வேதவாசிப்பு: லேவியராகமத்தில் நின்றுபோன எனக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, நவம்பரிலிருந்து வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நான் வெளியே காத்திருக்கிறேன். ஓராண்டுக்குள் வேதாகமம் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று ஜனவரியில் தொடங்கி, ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் எப்படியோ கடந்து, மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் பலிகளைப் பற்றிய அதிகாரங்களில் நின்றுவிட்டேன். பதினெட்டு நாள் வாசிப்பு பாக்கி நிற்கிறது. கண் வரிகளின்மேல் ஓட, மனமோ அடுத்த மாத மருந்துச் செலவை எண்ணிக்கொண்டிருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11; தேவன் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம். அதைப் பார்க்கும்போதும், இது எனக்குத்தானா என்றே கேட்கத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட நாட்களில் நீங்கள் எதை, எவ்வாறு வாசித்தீர்கள்?

பதில் 1

அன்புச் சகோதரி, முதலில் "பாக்கி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 1,189 அதிகாரங்களை ஓராண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கு மனிதர் வகுத்ததேயன்றி வேதம் கட்டளையிட்டதன்று.

என் மகனை இழந்த ஆண்டில் வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் நாளுக்கு ஒன்று மட்டுமே வாசித்தேன். நாம் சுவரில் மாட்டுவதெல்லாம் 23, 91, 121 போன்ற ஆறுதல் சங்கீதங்களாகவே இருப்பதால், 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. பதின்மூன்றாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். எண்பத்தெட்டாம் சங்கீதமோ, ஆறுதலான திருப்பம் ஒன்றும் இல்லாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற துயரத்தோடேயே முடிந்துவிடுகிறது. நான் சொல்ல அஞ்சியதை எனக்கு முன்னரே ஒருவர் ஜெபமாகச் சொல்லியிருக்கிறார் என்பதும், அந்த ஜெபம் வேதத்திலிருந்து நீக்கப்படவில்லை என்பதுமே அந்நாட்களில் என்னைத் தாங்கின. இன்னொன்று, வாய்விட்டு வாசியுங்கள். மனம் வழிதவறினாலும் காது அதை அழைத்து வரும்.

பதில் 2

சகோதரி, அந்த வசனத்தைத் தனியே எடுக்காமல் இருபத்தொன்பதாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய நிருபம் அது. விரைவில் ஊர் திரும்பிவிடலாம் என்று கள்ளத் தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எழுபது ஆண்டுகள் ஆகும், அதுவரை அங்கேயே வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனிகளைச் சாப்பிடுங்கள் என்று எழுதிய பிறகே அவர் உங்கள் வசனத்திற்கு வருகிறார். ஆகவே அது துன்பம் உடனே நீங்கும் என்ற வாக்கு அன்று. நெடுங்காலம் காத்திருக்க வேண்டியவர்களிடம், நீங்கள் மறக்கப்படவில்லை என்று சொன்ன வார்த்தை. மருத்துவமனை வாசலில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு அது உரியதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிறகு புலம்பல் புத்தகத்தை வாசியுங்கள், ஐந்தே அதிகாரங்கள். தேவனுடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்ற வசனம் அதன் இறுதியில் இல்லை, நடுவிலுள்ள மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னும் எருசலேமின் பசியும் அழிவும் தொடர்கின்றன. எல்லாம் சரியான பிறகு சொன்ன சாட்சி அல்ல என்பதாலேயே அதை நான் நம்புகிறேன்.

பதில் 3

அக்கா, 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவை வேண்டிய தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் தந்தது அடையும் தண்ணீரும்தான். அவர் புசித்து, மறுபடியும் உறங்கினார். தேவனுடைய அமர்ந்த மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது அதற்கு வெகுநாள் கழித்து. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? காத்திருக்கும் நேரத்தில் மாறி உட்கார உறவினரோ சபையாரோ இருக்கிறார்களா? தூக்கமே வராத நிலை இருந்தால் மருத்துவரிடமும் சொல்லுங்கள்; அது விசுவாசக் குறைவு ஆகாது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. இன்று லேவியராகமத்தில் அடையாளநாடாவை அப்படியே விட்டுவிட்டு, பதின்மூன்றாம் சங்கீதத்தை மட்டும் வாசித்தேன். வீட்டுக்கு வந்தபின் என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். வழக்கமாகக் கண்ணை மூடிப் படுத்திருப்பவர், "அந்த எதுவரைக்கும் என்கிற இடத்தை இன்னொரு முறை வாசி" என்றார். நாளை மறுநாள் டயாலிசிஸுக்குச் செல்லும்போது என் தங்கையும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.