மயிர்க்கால்களிலிருந்து ஆறிய புண்: கண்டவர்கள் பகிருங்கள்

இளவேனில்:
கொதிநீர் கொட்டி முன்கை வெந்த கதையை நான் விரிக்கவில்லை. கட்டுப் பிரித்த ஒரு காலைதான் இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. சிவந்திருந்த புண்ணின் நடுவே, ஓரத்துத் தோலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், குண்டூசித் தலையளவு வெளிறிய திட்டுகள் ஆங்காங்கே தெரிந்தன. செவிலியர் அவற்றின்மீது பஞ்சு படாமல் சுற்றிலும் மட்டும் ஒற்றியெடுத்தார். அவை மயிர்க்கால்களிலிருந்து மேலேறி வரும் புதுத் தோல் என்றார். மயிர் உள்ள இடம் எப்படியும் தானே ஆறிவிடும் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

செம்பருத்தி:
என் அக்காவுக்கு வெண்புள்ளி. புறஊதா ஒளிச் சிகிச்சை தொடங்கிய பிறகு, முழங்காலில் வெளுத்திருந்த இடத்தில் மிளகுத்தூளைச் சிதறியது போல நிறம் திரும்பியது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு மயிர் நின்றது. மயிர்க்காலே இல்லாத விரல் நுனிகளோ இன்றும் வெளுத்தே இருக்கின்றன.

கரிசல்:
இளவேனில் அவர்களின் நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. தீப்புண் மயிர்க்கால்களின் வேர்வரை போய்விட்டால் மேலேறி வர அங்கே எதுவும் மிஞ்சாது. என் தந்தையின் காலில் அப்படித்தான் ஆனது. உச்சந்தலையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டினார்கள். வேர்கள் ஆழத்தில் தப்பியதால் தலை விரைவில் ஆறி, முடியும் வளர்ந்துவிட்டது. குளிரில் அவருக்குக் கால் முழுவதும் சிலிர்த்தாலும், ஒட்டிய இடம் மட்டும் மழமழவென்றே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோலை அன்றாடம் புதுப்பிப்பவை மேல்தோலின் அடிவரிசை உயிரணுக்களே. 1990-இல் கோட்சரெலிஸ், சுன், லாவ்கர் ஆகிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் மயிர்க்காலில், சிலிர்ப்புத் தசை பற்றியிருக்கும் புடைப்பில், ஸ்டெம் செல்கள், அதாவது புது உயிரணுக்களைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்கள், இருப்பதைக் காட்டினர். அவை காயம் பட்டால்தான் மேல்தோலுக்கு உதவ வருகின்றன. ஆகவே மயிர்க்காலை வீணாகத் துன்புறுத்தாதீர்கள். சவரம் செய்யுமுன் தோலை நனையுங்கள், மயிர் சாயும் திசையிலேயே கத்தியை இழுங்கள், உள்வளர்ந்த மயிரை நகத்தால் தோண்டாதீர்கள். ஒட்டுத்தோல் உள்ளவர்கள் தினமும் ஈரப்பதக் களிம்பு தடவுங்கள், ஏனெனில் மயிர்க்காலோடு அதை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியும் போய்விடுகிறது.

செம்பருத்தி:
சவரத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே. வெளுத்த இடத்தில் மயிரும் நரைத்திருந்தால் நிறம் திரும்புவது கடினம் என்கிறார்கள். அப்படி இருந்தும் திரும்பக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.